பாட்டில் குரல் மட்டும் காணவில்லை: ஹெட்போன் வயர் மாற்றிய அனுபவம்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துணி காய்வதே பெரும்பாடு. வயருக்குள் இருக்கும் செம்பு மட்டும் தப்புமா? என் பழைய ஹெட்போனில் ஒருநாள் பாடகியின் குரல் போய், வாத்தியங்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டன.

இப்படிக் கேட்டால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம், கிரவுண்டைப் பாருங்கள். இரண்டு காதிலிருந்தும் சிக்னல் திரும்பிப் போகும் அந்தப் பொதுக் கம்பி அறுந்தால் இடது, வலதுக்கு இடையிலான வித்தியாசம்தான் காதில் விழும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்துபோகும். பிளக்கை அறுத்துப் பார்த்தேன்; கிரவுண்ட் கம்பி பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

கடைக்காரர், "ஷீல்டு வயர் போடுங்க சார், இரைச்சல் வராது" என்றார். வெளி இரைச்சலைத் தடுக்க மேலே உலோக உறை சுற்றிய வயர் அது. மைக்குக்கு என்றால் சரி, அதன் சிக்னல் மிகச் சிறியது. ஹெட்போனுக்கு வரும் சிக்னல் பெரிது, மின்தடையும் குறைவு. ஷீல்டு இல்லாமலே ஓடும். நான் நாலு கோர் வயர், அதாவது உள்ளே நாலு தனிக் கம்பி உள்ளது, வாங்கினேன். காதுக்கு ஒரு கிரவுண்ட் வீதம் தனியாக வந்து, இரண்டும் பிளக்கில்தான் சேரும். மெல்லிய ஒரே கம்பியை இரண்டு காதும் பகிர்ந்தால் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் கசியும்.

ஸ்பீக்கர் பக்கத்துக் கம்பிகளில் மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சு இருந்தது. அதைச் சுரண்டியோ சூட்டில் எரித்தோ நீக்காமல் ஈயம் ஒட்டாது. பிளக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி கிரவுண்ட். மூடுமுன் மல்டிமீட்டர் வைத்தேன்: நுனிக்கும் அடிக்கும் இடையே, ஸ்பீக்கரின் மின்தடையான 32 ஓம் அளவில் காட்டியது; இணைப்பு சரி. அப்புறம்தான் சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கினேன்.