ராய் சௌத்ரி பற்றிய பழைய நூல், காகிதம் தேடுவோருக்கு

மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி பற்றிய பழைய நூல்களைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். தேவிப்ரோசாத், தேபிபிரசாத், ராய்சௌதுரி என்றெல்லாம் அட்டவணைகளில் இருக்கும். 1929 முதல் அவர் தலைமை வகித்த சென்னை ஓவியப் பள்ளியின் பெயரும் பலமுறை மாறியது. பழைய பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

அவர் ஓவியங்கள் வந்த ‘மாடர்ன் ரிவ்யூ’ போன்ற பழைய கல்கத்தா இதழ்களை வாங்குமுன் வண்ணப் படத்தாள்களைப் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காகக் கிழித்தெடுத்திருப்பார்கள். பைண்டு செய்த தொகுதிகளில் பெரும்பாலும் அட்டையும் விளம்பரப் பக்கங்களும் இருக்காது. கண்காட்சிக் கையேடு என்றால் உள்ளே செருகிய விலைப்பட்டியல் இருக்கிறதா பாருங்கள். எந்தச் சிலை சுதை, எது வெண்கலம் என்ற விவரம் சிலவற்றில் அதில்தான் கிடைக்கும்.

செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை அப்படியே உருவாதீர்கள், பின்புறம் அதன் கால்களை நிமிர்த்தி எடுங்கள். பிவிசி உறைக்குப் பதில் பாலியெஸ்டர் உறை. வாங்கிய இடம், தேதியைப் பென்சிலால், உறையில் அல்லாமல் தனிச்சீட்டில் எழுதி வையுங்கள்.