மிஷினைத் திட்டுவதற்கு முன்: குவில்ட் தைக்க ஊசியும் நூலும் வாங்குவது எப்படி?

துணித் துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். என் முதல் குவில்ட்டை அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளில் தொடங்கினேன். துண்டுகளை இணைக்கும்வரை ஒரு சிக்கலும் இல்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்றையும் ஒன்றாக வைத்துத் தைத்தபோதுதான் வினை. ஒரு சாண் போவதற்குள் நூல் பிசிறு பிசிறாக உரிந்து அறுந்தது. மிஷின் போச்சு என்று முடிவு கட்டி, டிராலியில் வைத்து சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் இழுத்துக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போனேன். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ஊசியை எப்பம்மா மாத்துனீங்க?" என்றார். வாங்கிய நாளிலிருந்து அதே ஊசிதான், இரண்டு வருஷமாக.

அவர் ஐந்து நிமிடத்தில் செய்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதல் வேலை: நூலைத் தேர்ந்தெடுங்கள்

நூலை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ஊசியைத் தேடுவதுதான் சுலபம். நூற்கண்டின் மேல் 50, 40, 30 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூட நூல் மெலியும். புதியவர்கள் பலர் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தொடக்கத்துக்கு 50 எண் பருத்தி நூல் போதும். மேலே ஊசிக்கும் கீழே பாபினுக்கும் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) அதையே, ஒரே நிறத்தில் போடுங்கள். டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வெளியே தெரியாது. தையல் கோடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் பிறகு 40-க்குப் போகலாம். பாலியெஸ்டர் நூலும் தப்பில்லை. பருத்திக் குவில்ட்டுக்குப் பருத்தி நூல்தான் என்பது என் பிடிவாதம், அவ்வளவே.

ஒதுக்க வேண்டியவை இரண்டு. கையால் குவில்ட் தைப்பதற்கென்று மெழுகு பூசினாற்போல் விறைப்பாக ஒரு நூல் விற்கிறார்கள். அந்தப் பூச்சு மிஷினின் டென்ஷன் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, பாட்டி காலத்து டப்பாவில் கிடக்கும் நூல். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பொட்டென்று அறுந்தால் பொத்தான் தைக்கக்கூட வேண்டாம்.

அடுத்து: ஊசி

ஊசி அட்டையில் 80/12, 90/14 என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. முதல் எண் தண்டின் தடிமன், ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். இரண்டாவது அமெரிக்க அளவு. நூலுக்கு நேர்மாறாக, இங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும்.

50 எண் நூலுக்கு 80/12 அல்லது 75/11, 40 எண் நூலுக்கு 90/14. இதை வைத்துத் தொடங்குங்கள்.

அளவைப்போல வகையும் முக்கியம். 'குவில்டிங்' என்றே அட்டையில் போட்டிருக்கும் ஊசியின் முனை சீராகக் கூம்பி, பல அடுக்குகளைத் துளைக்கும்படி இருக்கும். ஷ்மெட்ஸ் நிறுவனத்து ஊசி என்றால் தண்டின் மேல்பகுதியில் பச்சைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நூல் அடிக்கடி உரிந்தால் 'டாப்ஸ்டிச்' ஊசிக்கு மாறுங்கள். அதன் காது பெரிது. மிஷினில் போட்ட நூல் தையலாக மாறுவதற்கு முன் அந்தக் காதுக்குள் பலமுறை மேலும் கீழும் போய்வருகிறது. காது குறுகலாக இருந்தால் ஒவ்வொரு முறையும் உராய்ந்து நைந்துபோகும். என் சுங்குடிக்கு நடந்தது இதேதான்.

அராப் ஸ்திரீட்டில் பத்திக் துணி வாங்கி ஆசையாகக் குவில்ட் போட நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்திக் நெருக்கமாக நெய்த துணி. சாதாரண ஊசி அதில் 'டப் டப்' என்று குத்திச் சத்தம் போடும். கூர்முனை கொண்ட 'மைக்ரோடெக்ஸ்' ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். முனை உருண்ட பனியன் துணி ஊசி குவில்ட் பக்கமே வரக்கூடாது.

கடையில் கவனம்! பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் தையற்காரர்களுக்கான சாமான்களும் சேர்ந்தே கிடைக்கும். தொழிற்சாலை மிஷின் ஊசியின் மேல்தண்டு முழுக்க உருண்டை. வீட்டு மிஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை. அட்டையில் 130/705 ஹெச் என்று இருந்தால் பெரும்பாலான வீட்டு மிஷின்களுக்குப் பொருந்தும்.

பொருத்தம் பார்க்கலாம்

கல்யாணத்துக்கு மட்டுமா பொருத்தம்? ஊசியை மிஷினில் மாட்டுவதற்கு முன், ஒரு முழ நூலை அதன் காதில் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாகச் சறுக்கி இறங்கினால் சரி. தயங்கி நின்றால் ஓர் அளவு பெரிய ஊசி. தொளதொளவென்று விழுந்தால் துணியில் தேவையில்லாத ஓட்டை விழும், ஓர் அளவு குறையுங்கள்.

மாட்டும்போது தட்டைப் பக்கம் பெரும்பாலான மிஷின்களில் பின்னால் இருக்க வேண்டும். மேலே முட்டும்வரை தள்ளித் திருகை இறுக்குங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூலைக் கோக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் திறந்து நூலை உள்ளே வாங்கும். அடித்துணியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டால், பத்தில் எட்டு முறை இதை மறந்திருப்பேன்.

சோதனைத் துண்டு

அதே துணி, அதே பஞ்சு, அதே அடித்துணியில் ஒரு சாண் சதுரம் வெட்டி, தையல் நீளத்தை 2.5 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வைத்து நாலு கோடு ஓட்டுங்கள். இந்த ஒரு முறை மட்டும் பாபினில் வேறு நிற நூல் போடுங்கள். பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப்பார்த்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேல் நூல் கீழே தெரிந்தால் இறுக்குங்கள். ஒரு தடவைக்கு அரை எண்தான்.

ஏறக்குறைய எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்பார்கள். நான் ஒரு குவில்ட்டுக்கு ஒன்று, பெரிதென்றால் இரண்டு என்று வைத்திருக்கிறேன். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்த ஊசிகள் துருப்பிடிக்கும். மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை ஊசி டப்பாவில் போட்டு வையுங்கள்.

சோதனைத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மேலேயே பேனாவால் ஊசி அளவு, நூல் எண், டென்ஷன் எண் மூன்றையும் எழுதி ஒரு கோப்பில் செருகுங்கள். என் கோப்பின் முதல் பக்கத்தில் சுங்குடித் துண்டு ஒன்று இருக்கிறது: 90/14, 40, டென்ஷன் மூன்றரை.