கேரவனின் இரண்டாம் பேட்டரி சார்ஜ் ஏறாத சிக்கல்: என் அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து நான்கு கேரவன்களாகச் சேர்ந்து, தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக வடக்கே புறப்பட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலியில் தங்கிய முதல் இரவிலேயே என் வண்டியின் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது. பகல் முழுவதும் ஓடிய வண்டியில், உட்புறப் பயன்பாட்டுக்கான இரண்டாம் பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை.

மதுரையில் புதிய பேட்டரி வாங்கினேன், பயனில்லை. சேலத்தில், எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சுவிட்சான ரிலேயை மாற்றினோம், அதுவும் வீண். எஞ்சின் ஓடும்போது, அதை ஸ்டார்ட் செய்யும் முதல் பேட்டரியில் 14.2 வோல்ட்டும் இரண்டாவதில் 13 வோல்ட்டும் மட்டுமே இருந்தன.

கிருஷ்ணகிரியில்தான் காரணம் பிடிபட்டது. இரண்டாம் பேட்டரியின் நெகட்டிவ் முனையை சேசிஸோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) இணைக்கும் எர்த் ஒயரை, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் சோதித்தபோதெல்லாம் அது சரியென்றே காட்டியது. ஏனெனில் அந்தச் சோதனையில் மிகச் சிறிய மின்னோட்டமே பாய்கிறது, பழுதான இணைப்பும் அதைத் தாங்கிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவ் முனைகளுக்கு இடையே அளந்தபோது, ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இடத்தில் 1.1 வோல்ட் காட்டியது. முட்டம் கடற்கரையருகே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்ததில், சேசிஸில் முடுக்கிய போல்ட்டின் அடியில் உப்புக்காற்று பச்சை பிடிக்க வைத்திருந்தது. மேற்புறமோ பளபளப்பாகவே இருந்தது.

போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஒயரின் முனையில் புதிய லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) பொருத்தி, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினேன். அந்த 1.1 வோல்ட் 0.05 ஆனது. அன்றிரவு பெட்டி விடியும்வரை ஓடியது; பெரும் நிம்மதி.