டர்பன் ஈரத்திலும் மிட்லேண்ட்ஸ் தூசியிலும் ஃபோர்க் பராமரிப்பு

மவுண்டன் பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் இறுகிவிட்டது, சின்னக் கல்லுக்கெல்லாம் கை வலிக்கிறது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு டாம்பர் (அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆயில் பகுதி) கோளாறு காரணம் இல்லை. மேலே உள்ள வழவழப்பான குழாய்தான் ஸ்டான்ஷன், அது இறங்குகிற கீழ் உறை லோயர். லோயரின் வாயில் அழுக்கைத் தடுக்கும் வைப்பர் சீலுக்குக் கீழே ஒரு பஞ்சு வளையம் இருக்கிறது. ஆயிலைப் பிடித்துவைத்து ஸ்டான்ஷனை ஈரமாக வைத்திருப்பது அதுதான். அது காய்ந்தால் உராய்வு கூடும், அழுக்கேறினால் ஸ்டான்ஷன் பூச்சு தேயும். நம் குவாசுலு-நட்டாலில் இரண்டும் நடக்கும்: குளிர்காலத்தில் மழையில்லாத தூசி, கோடையில் கிபா கார்ஜ், கார்க்லூஃப் பக்கம் ஒட்டிக்கொள்கிற சேறு.

ஓட்டி முடித்ததும் வாளித் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிரஷர் வாஷரை சீல் பக்கம் காட்டவே வேண்டாம், தண்ணீர் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். துடைத்தபின் ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி, ஸ்டான்ஷனில் மேலே வந்து நிற்கிற கறுப்பு அழுக்கு வளையத்தையும் துடையுங்கள். செயின் ஆயில், டபிள்யூடி-40 எதையும் ஸ்டான்ஷனில் அடிக்காதீர்கள். கடலோரத்தில் வீடு என்றால் அடி போல்ட்டையும் ஆக்சிலையும் ஈரத்துணியால் துடையுங்கள், உப்பு முதலில் அங்கேதான் கடிக்கும்.

லோயரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் மாற்றும் லோயர் சர்வீஸுக்கு, ஃபோர்க் தயாரிப்பாளர்களில் ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேர ஓட்டம், ஃபாக்ஸ் சொல்வது 125 மணி அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. கோடைச் சேற்றில் ஓட்டுகிறவர்கள் ஃபாக்ஸையும் 50 மணிக்கே திறப்பது நல்லது. டாம்பரைத் தொடாமல் வீட்டிலேயே செய்துவிடலாம். கீழே சொல்வது 35 மி.மீ. ஸ்டான்ஷன் உள்ள ராக்‌ஷாக்ஸ் ஏர் ஃபோர்க்குக்கு. ஆயில் அளவும் டார்க்கும் (போல்ட்டை முறுக்கும் விசை) மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மாடலின் அட்டவணையை முதலில் பாருங்கள்.

காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு முழுவதும் வெளியேற்றுங்கள். இதை மறந்தால் போல்ட்டைத் தளர்த்தும்போது ஆபத்து. அடியில் இருக்கும் ரீபவுண்ட் குமிழை (ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தை மாற்றுவது) கழற்றி, 5 மி.மீ. ஆலன் கீயால் இரண்டு அடி போல்ட்டையும் மூன்று, நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். போல்ட் தலையைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் உள்ளே ஷாஃப்ட் விடுபடும். பிறகு போல்ட்டை எடுத்து, தட்டில் ஆயிலை வடித்து, லோயரை நேராக இழுங்கள். வராவிட்டால் போல்ட்டைத் திரும்பப் போட்டுத் தட்டுங்கள், லோயரின் வளைவை அடிக்காதீர்கள்.

வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிடாமல் கவனியுங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளிப்பொடி மினுங்கினால் புஷ்ஷிங்கோ (லோயருக்குள் ஸ்டான்ஷன் வழுக்கும் வளையம்) ஸ்டான்ஷன் பூச்சோ தேய்கிறது. ஊற்றியது 10 மி.லி., டாம்பர் பக்கம் வருவது 30, 40 மி.லி. என்றால் டாம்பர் சீல் கசிகிறது. அதைப் பட்டறையில் கொடுக்கத்தான் வேண்டும்.

பஞ்சு வளையத்தை எடுத்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவிப் பிழிந்து, புது 0டபிள்யூ-30 ஆயிலில் ஊறவையுங்கள். லோயருக்குள் நூல் உதிராத துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். சீல் உதடு கிழிந்தோ கட்டியாகியோ இருந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் உள்ளே மெல்லிய கிரீஸ் போதும். திரும்பப் பூட்டும்போது இரண்டு சீல் உதடும் மடியாமல் பாதி வரை மட்டும் ஏற்றி, ஃபோர்க்கைச் சாய்த்து, அடித்துளை வழியாக சிரிஞ்சால் பக்கத்துக்கு 10 மி.லி. ஆயில் விடுங்கள். முழுவதும் தள்ளி, புது கிரஷ் வாஷருடன் (நசுங்கி ஆயிலை அடைக்கும் வாஷர்) போல்ட்டை 7.3 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். பழைய வாஷரைப் போட்டால் அடியில் ஆயில் சொட்டும்.

காற்று அடிக்கையில் 50 பிஎஸ்ஐயில் நிறுத்தி, பத்து முறை மெதுவாக அமுக்குங்கள். நெகட்டிவ் அறைக்கு (எதிர்ப்பக்கம் தள்ளும் சிறிய ஏர் அறை) காற்று போவதால் மீட்டர் இறங்கும். அதன் பிறகே மீதியை அடியுங்கள். முழு உடுப்புடன் ஏறி நின்று பாருங்கள்: 140 மி.மீ. டிராவலில் (ஃபோர்க் அமுங்கும் முழு தூரம்) 20 சதவீத சாக் (உங்கள் எடைக்கே அமுங்கும் அளவு) என்றால் ஸ்டான்ஷனில் உள்ள ஓ-ரிங் 28 மி.மீ.யில் நிற்கவேண்டும். குளிருக்கும் கணக்கு உண்டு. டர்பனில் 25 டிகிரியில் அடித்த 80 பிஎஸ்ஐ, மலையடிவார ஊரான அண்டர்பெர்க்கின் காலை 5 டிகிரியில் 75, 76 பக்கம் இறங்கிவிடும். அங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கடல் மட்டத்தில் பூட்டிய ஃபோர்க்கை 1,750 மீட்டர் உயர ஜோஹன்னஸ்பர்க்குக்கோ, 2,876 மீட்டர் சானி கணவாய்க்கோ கொண்டுபோனால், லோயருக்குள் அடைபட்ட காற்று வெளிக்காற்றை விட அழுத்தமாகிவிடும். ஜோஹன்னஸ்பர்க்கில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ. சின்னத் தடைகளில் ஃபோர்க் விறைப்பாகத் தெரியும், கடைசி டிராவல் கிடைக்காது. மெல்லிய கேபிள் டையின் மழுங்கிய முனையில் கிரீஸ் தடவி, சீலுக்கும் ஸ்டான்ஷனுக்கும் நடுவே மெதுவாக விட்டால் 'புஸ்' என்று வெளியேறும். சில ஃபாக்ஸ் மாடல்களில் இதற்கென்றே லோயரின் பின்பக்கம் பட்டன் இருக்கிறது. மலை ஏறாமலேயே அடிக்கடி இப்படி அடைத்துக்கொண்டு, ஏர் அறை அழுத்தமும் குறைகிறதென்றால், ஏர் ஸ்பிரிங் சீல் வழியாகக் காற்று கீழே கசிகிறது.

முன்பிரேக்கைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒரு விரலை ஹெட்செட்டுக்கும் (ஃபிரேமில் ஃபோர்க் திரும்பும் பேரிங்) கிரௌனுக்கும் (இரண்டு ஸ்டான்ஷனையும் இணைக்கும் மேல்பகுதி) நடுவே வையுங்கள். பிறகு சீல் மேலே வையுங்கள். அசைவு எங்கே படுகிறதோ அங்கேதான் கோளாறு. சீல் பக்கம் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. 'டக்' என்று கேட்டால் புஷ்ஷிங் தேய்ந்தது, அதை மாற்றத் தனி டூல் வேண்டும்.

ஸ்டான்ஷனில் கீறல் விழுந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் விட்டுவிடலாம். மாட்டினால் 2000 கிரிட் ஈர உப்புத்தாளால் மேடான ஓரத்தை மட்டும் தேய்த்து, பள்ளத்தில் நெயில் பாலிஷ் நிரப்பி, காய்ந்தபின் சமப்படுத்துங்கள். பூச்சு தேய்ந்து அடி உலோகம் தெரிந்தால் வேறு வழியில்லை: கிரௌன், ஸ்டீரர் (ஃபிரேமுக்குள் போகும் மேல் குழாய்), ஸ்டான்ஷன் மூன்றும் ஒரே பாகமாகத்தான் வரும், விலையைக் கேட்டுவிட்டுப் புது ஃபோர்க்கோடு ஒப்பிடுங்கள். கிரௌனிலிருந்து வரும் 'கிரீச்' சத்தத்துக்கும் இதே பாகத்தைத்தான் மாற்றவேண்டும். அழுத்திப் பொருத்திய மூட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், எந்த கிரீஸும் அங்கே நிற்காது.