துபாய் - அபுதாபி ரோட்டில் லிமிட்டுக்கு மேல் எவ்வளவு வேகம் வரை கேமரா விடும்?

லைசென்ஸ் கையில் வாங்கிய தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். துபாயில் பொதுவாக 20 கிலோமீட்டர் சலுகை உண்டு; போர்டில் 100 என்றால் 120 வரை கேமரா கண்டுகொள்ளாது. அபுதாபியில் அது கிடையாது. 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். போர்டில் என்ன எண்ணோ அதுதான் கடைசி எல்லை.

ஆகவே, அபுதாபி பக்கம் போகும்போது எல்லையில் இருக்கும் கந்தூத் வருவதற்குள் குரூஸ் கன்ட்ரோலை (வண்டி தானே ஒரே வேகத்தில் ஓடும்படி வைக்கிற வசதி) போர்டு எண்ணுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். துபாய் ஞாபகத்திலேயே மிதித்தால் 300 திர்ஹாம் போச்சு. அது ஊருக்கு அனுப்புகிற காசு, தம்பி.

வாடகைக் கார் என்றால் ஃபைன் கம்பெனிக்குப் போய், சர்வீஸ் சார்ஜும் சேர்ந்து உங்கள் கார்டில் விழும்.

லிமிட்டைவிட 80 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் வேகத்தில் போனால் 3000 திர்ஹாம், லைசென்ஸில் ஏறும் 23 கரும்புள்ளி (தப்புக்கான புள்ளி), வண்டி 60 நாள் பறிமுதல். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே முடக்கம். டிரைவர் வேலைக்கு வந்தவனுக்கு அதோடு பிழைப்பே போயிற்று.

ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டு ஓட்டாதீர்கள். துபாயிலும் நான் போர்டு வேகத்தில்தான் ஓட்டுகிறேன். மூடுபனிக் காலையில் அந்த 20-ஐ நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.