வீரர், பயிற்சியாளர், நடுவர்: மல்யுத்தத்தில் நீண்ட காலம் நிலைக்க விரும்புவோருக்கு

கபடி வேரோடிய நெல்லைச் சீமையில் மல்யுத்தம் பழக வரும் பிள்ளைக்கு, காலைப் பிடிக்கும் துணிச்சலைச் சொல்லித் தர வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. பிடித்த பிறகு தலையை எங்கே வைப்பது என்பதைத்தான் சொல்லித் தர வேண்டும். கபடியில் ஒருவர் கணுக்காலைப் பற்றியவுடன் கூட்டாளிகள் பாய்ந்து வந்து அமுக்கிவிடுவார்கள். இங்கே துணைக்கு யாரும் வர மாட்டார்கள். ஆகவே ஒற்றைக் கால் பிடியில் இரண்டு கைகளையும் எதிராளியின் முழங்காலுக்குப் பின்னே கோத்து, காதை அவருடைய விலாவோடு ஒட்டி, தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். தலை தாழ்ந்தால் அவர் கழுத்தின் மீது தம் பாரத்தை இறக்கி, கால்களைப் பின்னுக்கு வீசிவிடுவார், பிடித்தவரே சிக்கிக்கொள்வார். நிற்கும் நிலை, விழும் முறை, கழுத்துப் பலம் ஆகிய மூன்றும் படியும் வரை தூக்கி எறியும் பிடிகளைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

வீரர், பயிற்சியாளர், நடுவர் என்பவை வயதுக்கு ஏற்ப ஒன்றை விட்டு ஒன்றாக ஏறும் படிகள் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விளையாடும் காலத்திலேயே, தம் போட்டி இல்லாத நேரத்தில் மேசையருகே உட்கார்ந்து புள்ளித்தாள் எழுதப் பழகுபவர், தம் ஆட்டத்தையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார். ஒரு பாதம் முழுவதும் வட்டத்துக்கு வெளியே போனால் எதிராளிக்கு 1 புள்ளி. வீழ்த்திப் பின்புறமாகக் கட்டுப்படுத்தினால் 2. நின்ற நிலையிலிருந்து எறிந்து முதுகை நேரடியாக ஆபத்து நிலைக்கு, அதாவது ஆட்ட விரிப்பை நோக்கிச் சாய்ந்த நிலைக்கு, கொண்டுவந்தால் 4. அதுவே பெரும் வீச்சோடு அமைந்தால் 5. காலையும் பிடிக்கலாம் என்ற ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி முன்னிலையும், இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத கிரேக்க ரோமன் பாணியில் 8 புள்ளி முன்னிலையும் எட்டப்பட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. கடைசி அரை நிமிடத்தில் சமநிலையில் நிற்கும்போது பெரிய பிடியின் மதிப்பு, குறைவான எச்சரிக்கைகள், கடைசியாகப் புள்ளி எடுத்தவர் என்ற வரிசையில் வெற்றி தீர்மானிக்கப்படும் என்பதை உணர்ந்து ஆடுவதுதான் கடினம். அந்த உணர்வு புள்ளித்தாள் எழுதிய கைக்குச் சீக்கிரம் வரும்.

எடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றுக்குச் சென்ற வினேஷ் போகத், இரண்டாம் நாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உடனிருந்த ஒருவருக்கே அந்த நிலை என்றால், பள்ளி மாணவனைப் பாளையங்கோட்டை வெயிலில் ரெயின்கோட் மாட்டி ஓடவிட்டுத் தண்ணீரை வற்ற வைப்பதை எந்தப் பயிற்சியாளரும் நியாயப்படுத்த முடியாது. அது உயிருக்கே உலை வைக்கும். வளரும் வயதில் இயல்பான எடைப் பிரிவிலேயே ஆட விடுங்கள். ஊர்க் கோயில் கொடை வருகிற வாரத்தில் எடைக் கட்டுப்பாடு நடக்காது என்பதை ஒப்புக்கொண்டு, பயிற்சி அட்டவணையை அதற்குத் தக அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பயிற்சியாளராக முறையான தகுதி பெற விரும்புவோர் பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவையோ ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையோ நாடலாம். சான்றிதழ் சொல்லித் தராத வேலைகளும் உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் விரிப்பைக் கிருமிநாசினி கொண்டு துடைக்க வேண்டும். நகங்களைப் பார்க்க வேண்டும். படர்தாமரை கண்ட பையனைக் குணமாகும் வரை விரிப்பில் ஏற்றக் கூடாது. பயிற்சி முடிந்து தாமிரபரணியில் ஒரு முங்கு போட்டால் போதும் என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் உண்டு. ஆற்றுக் குளியல் சுகம்தான், ஆனால் சோப்பு போட்டுக் குளிப்பதற்கு அது ஈடாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விரிப்புகளைத் தரையில் கிடத்தாமல் பலகை மேல் ஏற்றி வையுங்கள். நுரைப்பஞ்சுக்குள் நீர் இறங்கினால் காய வைப்பது பெரும்பாடு.

நடுவர் பணியில் கண்ணைவிடக் கால்தான் முதலில் பழக வேண்டும். வீரர்கள் உடுத்தும் இரு நிறங்களுக்கேற்ப இடக்கையில் சிவப்புப் பட்டையும் வலக்கையில் நீலப் பட்டையும் அணிந்து, புள்ளி பெற்ற நிறத்துக்குரிய கையை உயர்த்தி விரல்களால் காட்டுவதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். இருவரும் புரளும்போது தோள்கள் தெரியும் பக்கத்துக்கு முன்கூட்டியே நகர்ந்து, தேவைப்பட்டால் வயிறு தரையில் படப் படுத்து, இரு தோள்களுக்கும் விரிப்புக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும். இரு தோள்களும் விரிப்பில் பட்டால் ஆட்டம் முடிந்துவிடும்; அப்படிப் பட்டுவிட்டன என்று தோன்றினாலும் உடனே விரிப்பைத் தட்டிவிடக் கூடாது. விரிப்போரம் அமர்ந்து புள்ளி குறிக்கும் பக்க நடுவரோ, அந்த விரிப்பின் ஆட்டங்களுக்குப் பொறுப்பான விரிப்புத் தலைவரோ ஒப்புக்கொண்ட பிறகே தட்டி விசில் ஊத வேண்டும். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் தேறி, தேசிய அளவில் தகுதி பெற்றவர்களுக்குச் சர்வதேச நடுவர் தேர்வு இருக்கிறது. அங்கே தொடக்கத் தரமான மூன்றாம் வகையில் தொடங்கி மேலே செல்ல வேண்டும்.

பயிற்சியாளரும் நடுவரும் ஒருவரே என்னும் நிலை நம் மாவட்டங்களில் தவிர்க்க முடியாதது. உங்களிடம் பழகிய பிள்ளையின் ஆட்டம் உங்கள் விரிப்புக்கு வந்தால், வீரர்கள் வட்டத்துக்குள் நுழையும் முன்பே விரிப்புத் தலைவரிடம் சொல்லி விசிலை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அக்கா மகன், ஒரே தெருக்காரர் மகன் என்ற உறவுகளுக்கும் இது பொருந்தும். ஆட்டம் தொடங்கிய பிறகு சொன்னால், அதுவரை கொடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் எதிர் மூலையிலிருந்து விளக்கம் கேட்பார்கள்; கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு.