திருகிப் பிரித்து, கிரீமை நக்கித் தின்ற அந்த சாக்லேட் பிஸ்கட்: வீட்டில் செய்வது எப்படி?

பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, உடையாமல் மெல்லத் திருகி, இரண்டாகப் பிரித்து, கிரீம் ஒட்டியிருக்கும் பக்கத்தை முதலில் தின்றவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. கீழ்ப்பல்லால் கிரீமைச் சுரண்டும்போது அதில் இரண்டு கோடு விழும். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இதை வீட்டில் செய்யலாம் என்று முதலில் இறங்கியபோது, வீட்டுப் பிஸ்கட் என்றால் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து வெண்ணெயைக் கூட்டினேன், நல்ல டார்க் சாக்லேட்டை உருக்கி ஊற்றினேன். ருசியாகத்தான் வந்தது. ஆனால் வாயில் வைத்ததும் கேக் மாதிரி கரைந்தது. சின்ன வயதில் தின்ற பிஸ்கட் அது இல்லை. இன்னும் நாலைந்து தடவை செய்து பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்தப் பழைய பிஸ்கட்டில் வெண்ணெய் மணமே தூக்கலாக இருக்காது. வறண்டிருக்கும், லேசாகக் கசக்கும், நாக்கின் ஓரத்தில் உப்பு தெரியும், கடித்தால் ‘டக்’ என்று உடையும். இனிப்பு முழுக்க நடுவில் இருக்கும் கிரீமுக்குத்தான். நமக்கு நினைவிருக்கும் ருசி, இந்த இரண்டும் ஒரே கடியில் சேர்வதால் வருவது. ஆகவே பிஸ்கட்டை முடிந்த அளவு வறட்சியாகவும், கிரீமைக் கெட்டியாகவும் செய்வதுதான் இங்கே நம் வேலை.

இந்த அமைப்புக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஹைட்ராக்ஸ் என்ற கிரீம் பிஸ்கட் 1908-ல் வந்தது, ஓரியோ 1912-ல். இரண்டுக்கும் நடுவே 1910-ல் லண்டனில் பீக் ஃப்ரீன் நிறுவனம் ‘கிரியோலா’ என்ற பெயரில் ஒரு நீளச் சதுர பிஸ்கட்டைக் கொண்டுவந்தது. பிற்பாடு போர்பன் என்று பெயர் மாறியது அதுதான். நீங்கள் எதைத் தின்று வளர்ந்திருந்தாலும் சரி, கசப்பான இரண்டு பிஸ்கட்டும் நடுவே தித்திப்பான கிரீமும் என்ற கணக்கு ஒன்றுதான்.

என்னென்ன வேண்டும்

பிஸ்கட்டுக்கு: மைதா 150 கிராம், கோகோ பவுடர் 40 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், உப்பு சேர்க்காத வெண்ணெய் 100 கிராம், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், குளிர்ந்த பால் இரண்டு டேபிள்ஸ்பூன். முட்டை தேவையில்லை.

கிரீமுக்கு: உப்பு சேர்க்காத வெண்ணெய் 60 கிராம், நன்றாகச் சலித்த ஐசிங் சர்க்கரை 150 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

5 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டினால் ஏறக்குறைய 50 வில்லை கிடைக்கும். ஜோடி சேர்த்தால் 25 பிஸ்கட்.

தயவுசெய்து தராசில் எடை போட்டு எடுங்கள். மைதாவைக் கப்பில் அமுக்கி அள்ளினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் வேறொரு எடை. 20, 30 கிராம் வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். கேக்கில் அது தெரியாமல் போகலாம், இவ்வளவு மெல்லிய பிஸ்கட்டில் தெரியாமல் போகாது.

கோகோ பற்றிக் கொஞ்சம்

இந்த பிஸ்கட்டின் உயிர் கோகோவில் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம். கோகோ பவுடரில் இரண்டு வகை உண்டு. சாதாரண கோகோ செம்பழுப்பு நிறம், வாயில் லேசான புளிப்பு தெரியும். மற்றது ‘டச் பிராசஸ்’ கோகோ. 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கொண்டுவந்த முறை அது. காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்துவதால் புளிப்பு அடங்கி, நிறம் கருத்துவிடும். அந்தக் காரத்தை இன்னும் கூட்டினால் கிடைப்பது கறுப்புக் கோகோ. கடை பிஸ்கட்டில் பார்க்கும் அந்தக் கரிய நிறமும், சாக்லேட்டா கரியா என்று சொல்ல முடியாத அந்த மணமும் இப்படி வருவதுதான்.

கிடைத்தால் 30 கிராம் டச் கோகோவும் 10 கிராம் கறுப்புக் கோகோவும் கலந்துகொள்ளுங்கள். முழுக்கக் கறுப்புக் கோகோ போட வேண்டாம், அதில் கொழுப்பு குறைவு, பிஸ்கட் மாவு மாவாக உதிரும். சாதாரண கோகோதான் கையில் இருக்கிறதா? பரவாயில்லை, சமையல் சோடாவை அரை டீஸ்பூனாக்குங்கள். சோடாவும் காரம்தான், புளிப்பைக் குறைத்து நிறத்தைக் கொஞ்சம் கருக்கும்.

மாவு பிசைவது

மைதா, கோகோ, சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். கோகோ குட்டிக் குட்டிக் கட்டியாக இருக்கும், சலிக்காமல் விட்டால் அந்தக் கட்டி கடைசிவரை கரையாது.

வெண்ணெய் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. அதையும் பொடித்த சர்க்கரையையும் ஒன்று சேரும்வரை மட்டும் கலக்குங்கள். கேக்குக்கு அடிப்பது போல நுரைக்க அடித்தால் காற்று ஏறும், பிஸ்கட் உப்பிப் பரவிவிடும். வெனிலாவைச் சேர்த்து, சலித்த மாவைக் கொட்டி, கரண்டியால் கிளறுங்கள். முதலில் ஈர மண் மாதிரி உதிரியாக இருக்கும். அதைப் பார்த்துப் பாலை மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் தெளித்து, கையால் ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். பிடித்த பிடி உடையாமல் நின்றால் பால் போதும். நிற்காவிட்டால் மட்டும் மீதியைத் தெளியுங்கள். உருண்டையாகச் சேர்ந்த பிறகு பிசைய வேண்டாம். பிசையப் பிசைய மைதாவில் குளூட்டன் இழுவை ஏறும், பிஸ்கட் கடிக்கக் கடினமாகி, சுடும்போது சுருங்கவும் செய்யும்.

தேய்த்து வெட்டுவது

மாவை ஃப்ரிட்ஜில் வைத்துக் கல்லாக்கி, அப்புறம் தேய்க்கப் போராடுவதை விட, மென்மையாக இருக்கும்போதே தேய்த்துவிட்டுக் குளிர வைப்பது சுலபம். மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். கனம் 3 மில்லிமீட்டர். பழக்கம் இல்லாதவர்கள் மாவுக்கு இரு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு ஸ்கேலை வைத்து, அவற்றின் மேல் உருளும்படி கட்டையை ஓட்டினால் எல்லா இடமும் ஒரே கனமாக வரும். எங்காவது மெலிந்தால் அந்த இடம் கருகிவிடும்.

தேய்த்ததைப் பேப்பரோடு தூக்கித் தட்டில் வைத்து, 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். விறைத்த பிறகு வெட்டினால் ஓரம் கத்தியால் சீவியது போல வரும். அச்சு ஒட்டினால் கோகோவில் தொட்டு வெட்டுங்கள். மைதா தூவினால் சுட்ட பிறகும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மீதித் துண்டுகளைச் சேர்த்து இன்னொரு முறை தேய்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வில்லைகளை ட்ரேயில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் அடிவரை குத்துங்கள். இது அழகுக்காக மட்டும் இல்லை. சுடும்போது உள்ளே உண்டாகும் ஆவி இந்தத் துளை வழியாக வெளியேறும், பிஸ்கட் நடுவில் உப்பாமல் தட்டையாக இருக்கும். கடை பிஸ்கட்டுகளில் புள்ளி புள்ளியாகத் துளை இருந்ததற்கும் காரணம் அதுதான்.

சுடுவது

ஓவனை 160 டிகிரி செல்சியஸில் முழுதாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 150 போதும். நடுத்தட்டில் வைத்து 16 முதல் 18 நிமிடம்.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவார்கள். ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் பிஸ்கட் வெந்ததை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. 14 நிமிடத்துக்குப் பிறகு மூக்கை நம்புங்கள். சாக்லேட் மணம் அறை முழுக்க வரும். ஒரு வில்லையின் ஓரத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சூடு ஜாக்கிரதை. ஓரம் அமுங்காமல், நடு மட்டும் இம்மியளவு அமுங்கினால் அடுப்பை அணைக்கலாம். மணத்தில் காந்தல் கலந்தால் அது கருகல், உடனே எடுத்துவிடுங்கள்.

அணைத்த பிறகு ட்ரேயை வெளியே எடுக்காமல், ஓவன் கதவை ஒரு சாண் திறந்து, உள்ளேயே 10 நிமிடம் விடுங்கள். இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. பிஸ்கட் என்ற சொல்லின் லத்தீன் வேரே ‘இருமுறை வெந்தது’ என்றுதான் பொருள்படும். சுட்டதை மறுபடி உலர்த்தி ஈரத்தை எடுப்பது அந்தக் காலத்து வழி. இந்தப் பத்து நிமிடத்தில் மிச்ச ஈரமும் போய்விடும். முதல் தடவைகளில் எனக்கு வராத அந்த ‘டக்’ சத்தம் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி முழுசாக ஆற விடுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். வளைந்து பிய்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, 150 டிகிரியில் மேலும் 5 நிமிடம் வைத்து எடுங்கள்.

கிரீம்

வெண்ணெயை மட்டும் முதலில் மூன்று நிமிடம் அடியுங்கள், மஞ்சள் வெளிறி வெண்மைக்கு வரும். ஐசிங் சர்க்கரையை மூன்று தடவையாகச் சேர்த்து, உப்பும் வெனிலாவும் போட்டு அடித்தால் முடிந்தது. கெட்டியாகத்தான் இருக்கும். இளக்கலாம் என்று பால் விடாதீர்கள். அந்த ஈரம் முழுக்கப் பிஸ்கட்டுக்குள் இறங்கி, மறுநாளே நமுத்துவிடும். தூய வெள்ளையாக, சூட்டில் இளகாத கிரீம் வேண்டுமென்றால் வெண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு வெஜிடபிள் ஷார்ட்டனிங் (வனஸ்பதி மாதிரி கெட்டியான தாவரக் கொழுப்பு) சேர்க்கலாம். ருசி வெண்ணெயில் நன்றாக இருக்கும், பழைய நினைவு ஷார்ட்டனிங்கில் நன்றாக வரும்.

பிஸ்கட் கையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். லேசான சூட்டில் ஒருமுறை அவசரப்பட்டு வைத்துவிட்டேன், கிரீம் உருகிப் பக்கவாட்டில் வழிந்து ஒரு ட்ரே முழுக்க வீணானது.

ஒரு டீஸ்பூன் கிரீமை, 8 கிராம் அளவு, உருட்டி ஒரு வில்லையின் நடுவில் வையுங்கள். இன்னொரு வில்லையை மேலே வைத்து, உள்ளங்கையால் நேராக, சீராக அமுக்குங்கள். கிரீம் ஓரத்துக்கு ஒரு நூல் உள்ளே நிற்கும்போது நிறுத்துங்கள். ஒரு விரலால் அமுக்கினால் அந்த இடத்தில் உடையும்.

திருகும்போது கிரீம் இரண்டு பக்கமும் சமமாக வருமா? 2022-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓரியோவைக் கருவியில் பொருத்தித் திருகியே பார்த்தார்கள். எவ்வளவு மெதுவாகத் திருகினாலும், பெரும்பாலும் கிரீம் முழுசாக ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் தங்கைக்குள் நடந்த சண்டைகளுக்கெல்லாம் காரணம் அதுதான். வீட்டில் செய்யும்போது இருவருக்கும் பங்கு வேண்டுமென்றால் இரண்டு வில்லையிலும் மெல்லிசாகக் கிரீம் தடவி ஒட்டுங்கள்.

ஒட்டியவற்றை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். வெயில் இல்லாத இடத்தில் நான்கைந்து நாள் மொறுமொறுப்பு இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் கிரீம் வைக்காமல் பிஸ்கட்டைத் தனியாக வையுங்கள், வேண்டும்போது ஒட்டிக்கொள்ளலாம். வெட்டிய பச்சை வில்லைகளை ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். எடுத்ததும் உறைபனியோடு அப்படியே சுடலாம், இரண்டு நிமிடம் மட்டும் கூடுதலாக வையுங்கள்.